காசிமேட்டு மீனுக்கு ஸ்பானிஷில் என்ன பெயர்?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் விசைப்படகுகளில் இருந்து கூடை கூடையாக இறங்கும் வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் ஸ்பானிஷில் பெஸ்காதோ என்று பெயர். அதே வஞ்சிரம் கடலில் நீந்திக்கொண்டிருந்தவரை அது பெஸ். ஆங்கிலத்தில் இரண்டும் ஃபிஷ், தமிழில் இரண்டும் மீன். மீன்பிடிப்பதற்கு ஸ்பானிஷில் பெஸ்கார் என்பார்கள். அந்த வினையில் இருந்து வந்ததுதான் பெஸ்காதோ. பிடிபட்டது என்பது அதன் நேர்ப்பொருள். கொளத்தூர் கடைகளில் கண்ணாடித் தொட்டியில் நீந்தும் வண்ணமீன்களும் விலைக்கு வந்தவைதான். ஆனால் அவற்றை யாரும் சமைக்கப் போவதில்லை, அதனால் அவை பெஸ். உயிர் இருக்கிறதா, சாப்பாட்டுக்கு என்று ஆகிவிட்டதா என்பதைப் பார்த்த பிறகுதான் ஸ்பானிஷ்காரர் வாயைத் திறக்க முடியும்.

போனில் ஸ்பானிஷ் படிக்கும் பிள்ளைகள் இப்போது வடசென்னையிலும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறார்கள். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே மூன்று ஸ்பானிஷ் சொற்கள் வந்து நின்றால் எதை எடுப்பது என்று திணறுகிறார்கள். இந்தத் திணறலில் பாதி தேவையே இல்லாதது என்பது என் கருத்து. ஆங்கிலம் ஒன்றாகச் சேர்த்துவிட்டதைத் தமிழ் பல இடங்களில் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது.

கார்னர் என்ற சொல்லைப் பாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு தெருமுனையில் வெளியே நின்று பார்த்தால் துருத்திக்கொண்டு தெரிவது எஸ்கீனா. வீட்டுக்குள் துடைப்பம் சாத்தி வைக்கும் மூலை ரின்கோன். முனை, மூலை என்று நாம் தினமும் பிரித்துத்தான் பேசுகிறோம். 'தெரு மூலை' என்று சொல்பவர்களும் உண்டு, ஆகவே நூற்றுக்கு நூறு பொருந்தாது; ஆனாலும் ஆங்கிலத்தைவிட எவ்வளவோ மேல். ப்ளே என்பதும் இப்படித்தான். வியாசர்பாடிப் பையன்கள் ஃபுட்பால் விளையாடினால் ஹுகார், கானாவுக்கு டோலக் வாசித்தால் தொக்கார்.

ஒரு மொழி உலகத்தை எங்கே வெட்டுகிறது என்பதில் எந்த இயற்கை விதியும் கிடையாது. டென்மார்க் மொழியியலாளர் லூயி யெல்ம்ஸ்லெவ் 1943இல் வெளியிட்ட நூலில் டேனிஷ், ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் மரம், மரக்கட்டை, காடு ஆகியவற்றுக்கான சொற்களை அருகருகே வைத்துக் காட்டினார். கோடுகள் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. அந்த வரிசையில் தமிழையும் ஸ்பானிஷையும் நாமே சேர்த்துப் பார்க்கலாம். வுட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஸ்பானிஷில் மரவாடியில் அறுத்து அடுக்கியது மதேரா, அடுப்பில் வைப்பது லேன்யா, மரங்கள் அடர்ந்த இடம் போஸ்கே. லேன்யா அப்படியே நம் விறகு. ஆனால் நிற்கும் மரத்துக்கு ஆர்போல் என்று வேறு சொல் இருக்கிறது. நாமோ வேப்பமரத்தையும் கதவு செய்யும் மரத்தையும் மரம் என்றே சொல்லிவிடுகிறோம். அந்த ஓர் இடத்தில் மட்டும் ஆங்கிலம் நமக்குக் கைகொடுக்கும்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. வழி கேட்டேன், டீ கேட்டேன் என்று எல்லாவற்றுக்கும் நமக்குக் 'கேள்'தான். ஸ்பானிஷில் பதில் வேண்டும் என்றால் ப்ரெகுந்தார், பொருளோ உதவியோ வேண்டும் என்றால் பெதீர். அதே மாதிரி, ஆளையோ ஊரையோ பழகித் தெரிந்திருப்பது கொனோசேர். தகவலும் நீச்சல் மாதிரித் திறமையும் தெரிந்திருப்பது சபேர்.

எல்லோரும் பயப்படும் இடம் செர், எஸ்தார் என்ற ஜோடி. ஆங்கிலத்தின் 'இஸ்' இரண்டாகப் பிரிகிறது. நிரந்தரமானதற்கு செர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்று பல பாடங்கள் சொல்லித்தருகின்றன. அந்த விதி சீக்கிரமே கவிழ்ந்துவிடும். இறந்துபோனவரைச் சொல்லவும் எஸ்தார்தான் வேண்டும், மரணத்தைவிட நிரந்தரமானது எது? 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் இன்றுவரை அதே இடத்தில் நிற்கிறது, அது இருக்கும் இடத்தைச் சொல்லவும் எஸ்தார்தான்.

இங்கே தமிழ் வாக்கியத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'அவள் புத்திசாலி' என்கிறோம், வினையே இல்லை. 'அவள் தயாராக இருக்கிறாள்' என்னும்போது 'இரு' வந்துவிடுகிறது. ஸ்பானிஷில் இந்த இரண்டுக்கும் லிஸ்தா என்ற ஒரே சொல்தான். செர் சேர்ந்தால் புத்திசாலி, எஸ்தார் சேர்ந்தால் தயார். ரயில் நிலையம் ராயபுரத்தில் இருக்கிறது, ஆனால் 'கல்யாணம் பெரம்பூரில்' என்று வினை இல்லாமலே முடித்துக்கொள்கிறோம். ஸ்பானிஷும் பொருள் இருக்கும் இடத்துக்கு எஸ்தார், நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கு செர் என்கிறது. இந்தப் பொருத்தம் எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. ஆனால் இதை முழு விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது: 'உயரமாக இருக்கிறாள்' என்று நாம் சொல்வதற்கு ஸ்பானிஷில் செர்தான் வரும்.

சரி, மூளை இதை எப்படிச் செய்கிறது? 1979இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆங்கிலத்தில் பூச்சிக்கும் ஒளித்துவைத்த ஒட்டுக்கேட்புக் கருவிக்கும் பக் என்ற ஒரே சொல் உண்டு. அது வரும் வாக்கியத்தைக் காதில் கேட்கவிட்டு, அந்த நொடியில் திரையில் வேறொரு சொல்லைக் காட்டினார். எந்தப் பொருள் என்று வாக்கியம் தெளிவாகச் சொல்லியிருந்தும், இரண்டு பொருளோடு தொடர்புள்ள சொற்களையும் கேட்டவர்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். மூன்று அசை தள்ளிக் காட்டியபோது பொருத்தமான பொருளுக்கு மட்டுமே அந்த வேகம் இருந்தது. அதாவது மூளை முதலில் எல்லாப் பொருளையும் எழுப்பிவிட்டு, சட்டென்று வேண்டாததை அடக்குகிறது. புது மொழியில் இன்னொரு தடையும் சேர்ந்துகொள்ளும். தொடக்கத்தில் புதுச் சொல் பொருளோடு ஒட்டாமல் பழைய மொழிச் சொல்லோடுதான் ஒட்டுகிறது. பழகப் பழகத்தான் நேராகப் பொருளோடு இணைகிறது என்று ஜூடித் க்ரோல், எரிக்கா ஸ்டூவர்ட் என்ற ஆய்வாளர்கள் 1994இல் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். நடுவில் நிற்கும் அந்தப் பழைய சொல் ஃபிஷ் என்றால், பெஸ்ஸும் பெஸ்காதோவும் மனதில் ஒன்றாகவே கிடக்கும். படகில் கிடப்பதையும் தொட்டியில் நீந்துவதையும் பார்த்துத் தனித்தனியாகப் படித்தால் அந்தச் சிக்கல் குறையும்.

கம்ப்யூட்டருக்கும் இதே பாடுதான். 1949இல் அமெரிக்க அறிவியலாளர் வாரன் வீவர் கணினி மொழிபெயர்ப்பு பற்றி எழுதிய குறிப்பு ஒன்றில், ஒரு சொல் மட்டும் தெரியும் அளவுக்கு ஓட்டை போட்ட அட்டையைப் பக்கத்தின் மேல் வைத்தால் அதன் பொருளைச் சொல்ல முடியாது, ஓட்டையை இரு பக்கமும் சில சொற்கள் அளவுக்கு அகலமாக்கினால் சொல்லிவிடலாம் என்றார். 2017இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற கணினி மொழி அமைப்பு வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் மற்ற எல்லாச் சொற்களோடும் எவ்வளவு தொடர்புடையது என்று எடைபோட்டுப் பொருளை முடிவுசெய்கிறது. ஆனால் தமிழில் இருந்து ஸ்பானிஷுக்கு ஆங்கிலத்தை இடையில் வைத்து மொழிபெயர்த்தால், 'நீங்கள் எப்போது வந்தீர்கள்' என்ற மரியாதை நடுவிலேயே யூ என்று சுருங்கிவிடுகிறது. ஸ்பானிஷில் தூ என்றால் நீ, உஸ்தெத் என்றால் நீங்கள். வெறும் யூவை வைத்துக்கொண்டு எது சரி என்று எந்த இயந்திரத்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு மெசேஜ் அனுப்பும்போது அந்த ஓர் இடத்தையாவது நாமே பார்த்துத் திருத்துவது நல்லது.

அகராதியிலும் பாதி வேலையோடு நின்றுவிடக் கூடாது. ஆங்கிலம் - ஸ்பானிஷ் பக்கத்தில் கிடைத்த சொல்லை, ஸ்பானிஷுக்கு ஸ்பானிஷிலேயே பொருள் சொல்லும் அகராதியில் திரும்பத் தேடுங்கள். 1713இல் தொடங்கிய ஸ்பெயினின் அரச மொழிக் கழகம் தன் அகராதியை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. எந்த நாட்டில் எந்தப் பொருள் என்ற குறிப்பும் அதில் உண்டு, அதைத் தாண்டிப் போகவே கூடாது. ஸ்பெயினில் பஸ் பிடிக்க கொஹேர் என்ற வினையைக் கூச்சமில்லாமல் சொல்லலாம். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். அங்கே பஸ்ஸுக்கு தொமார்.