விமானத்தில் உதவியவரைப் பாராட்டி எழுதும்போது தேதியையும் விமான எண்ணையும் விட்டுவிடாதீர்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே ஒரு கறுப்புச் சால்வை. துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து, செய்தித்தாளில் சுற்றியிருந்தது. கூடவே கோடு போட்ட தாளில் இரண்டு பக்கக் கடிதம். எழுதியவர் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர்.

நான் ஒரு விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் நான்கு வருடம் கேபின் க்ரூவாக, அதாவது விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் பணியாளராகப் பறந்திருக்கிறேன். பயணிகள் எழுதும் கடிதங்களைப் படித்து, உரிய இடத்துக்கு அனுப்பி, பதில் எழுதுவதுதான் என் அன்றாட வேலை. வருவதில் பெரும்பகுதி புகார்தான். பாராட்டும் வரும். ஆனால் பாதிப் பாராட்டு யாருக்குச் சேர வேண்டுமோ அவருக்குப் போய்ச் சேருவதில்லை. ஆசிரியரின் கடிதமும் அப்படித்தான் நின்றுபோக இருந்தது.

அவர் எழுதியிருந்தது இது. மறதி நோய் உள்ள மனைவியை அழைத்துக்கொண்டு மகன் வீட்டுக்குச் சென்னை வந்திருக்கிறார். சின்ன ஏடிஆர் விமானம். சென்னையில் நல்ல மழை. விமானம் வானத்திலேயே சுற்றிவிட்டு, இறங்க முடியாமல் திருச்சிக்குத் திரும்பிவிட்டது. அங்கே தரையில் இரண்டு மணி நேரம் காத்திருப்பு. அதற்குள் அந்த அம்மாவுக்கு உடை நனைந்துவிட்டது. "அந்தப் பிள்ளை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தன் பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்து வந்து என் மனைவியின் மடியில் போட்டு, 'குளிருதுல்லா அம்மா' என்று மட்டும் கேட்டாள். சென்னையில் எல்லோரும் இறங்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி அன்றைக்கு அழவில்லை" என்று எழுதியிருந்தார்.

கடிதத்தில் தேதி இல்லை. விமான எண் இல்லை. அந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. சால்வையை உரியவரிடம் சேர்த்துவிடுங்கள் என்பதுதான் கடைசி வரி.

மற்ற வேலைகளுக்கு நடுவே தேடியதில் மூன்று நாள் போனது. அந்த மழைக்காலத்தில் தூத்துக்குடியிலிருந்து வந்து திருச்சிக்குத் திருப்பிவிடப்பட்ட விமானங்கள் இரண்டே இரண்டு. பயணிகள் பட்டியலில் ஒன்றில் ஆசிரியரின் பெயர் இருந்தது. ஏடிஆரில் கேபின் க்ரூ இரண்டு பேர்தான்; ஒருவர் வடகிழக்கு மாநிலத்துப் பெண், இன்னொருவர் நாகர்கோவில். 'குளிருதுல்லா' என்று கேட்டது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. போன் செய்து சால்வை வந்திருக்கிறது என்றேன். "அந்த அம்மா நல்லாருக்காங்களா மேடம்?" என்றுதான் முதலில் கேட்டாள்.

ஏடிஆர் என்பதால் கண்டுபிடிக்க முடிந்தது. சால்வை என்று ஒரு பொருள் மேஜை மேல் கிடந்ததால் நானும் விடாமல் தேடினேன். எல்லாக் கடிதத்துக்கும் அப்படி மூன்று நாள் செலவழிக்க முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புகாருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. கோபமாக இருப்பவர் எதையும் விடமாட்டார். டிக்கெட் நகல், நேரம், ஊழியர் பெயர், அவர் சொன்ன வார்த்தை எல்லாம் வரிசையாக வரும். அதை வாங்கிக்கொள்ள ஏற்பாடுகளும் நிறைய. மத்திய அரசு 2016-ல் கொண்டுவந்த ஏர்சேவா தளம் முக்கியமாகக் குறைதீர்ப்புக்குத்தான். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ மாதாமாதம் வெளியிடும் உள்நாட்டுப் போக்குவரத்து அறிக்கையில், ஒவ்வொரு நிறுவனத்தின் மீதும் 10,000 பயணிகளுக்கு எத்தனை புகார் என்று கணக்கு வரும். ஊழியர் நடத்தை பற்றிய புகார் எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். இவையெல்லாம் தேவைதான். ஆனால் நல்லது செய்தவரைப் பற்றிய தகவல், பயணி ஒருவர் தானாக உட்கார்ந்து எழுதினால்தான் நிறுவனத்துக்கே தெரியும்.

எழுதினால் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். எங்களிடம் நடப்பதைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காண முடிந்தால் கடிதம் அவருடைய பணிப்பதிவில் சேரும். மேலதிகாரி கூப்பிட்டுச் சொல்வார். வருடாந்திர மதிப்பீட்டின்போது அது மேஜைக்கு வரும். லீட் க்ரூவாக, அதாவது க்ரூவின் தலைவராகப் பதவி உயர்வுக்கு ஆள் எடுக்கும்போதும் பார்ப்பார்கள். பரிசு, சான்றிதழ் எல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் பணிப்பதிவில் ஒரு கடிதம் இருப்பதன் அருமை, அந்த ஊழியர் மீது ஒரு புகார் வரும் நாளில் தெரியும்.

சால்வைக்காரப் பெண் அப்போது தகுதிகாண் காலத்தில் இருந்தாள். அதே மாதம் அவள் மீது ஒரு புகார் வந்திருந்தது. அவசர வழி வரிசையில் உட்கார்ந்த ஒருவர் தன் பையைக் காலடியில் வைத்திருக்கிறார். புறப்படும்போதும் இறங்கும்போதும் அந்த வரிசையில் தரையில் எதுவும் இருக்கக் கூடாது. மேலே வைக்கச் சொல்லியிருக்கிறாள், அவர் மறுத்திருக்கிறார், இவள் மூன்றாவது தடவை குரலை உயர்த்தியிருக்கிறாள். 'திமிராகப் பேசினார்' என்று புகார். விளக்கம் எழுதித் தர வேண்டியிருந்தது. விசாரணை முடியும் வரை ஆஃப் ரோஸ்டர், அதாவது பறக்கும் பணி கிடையாது. க்ரூவின் சம்பளத்தில் நல்ல ஒரு பங்கு பறக்கும் மணிக்கணக்கில் வருவது. பறக்காத நாளில் அந்தப் பணம் இல்லை. விசாரிக்கிறவர்கள் முன்னால் அதுவரை இருந்தது அந்த ஒரு புகார்க் கடிதம் மட்டும். ஆசிரியரின் கடிதத்தை நான் அதன் பக்கத்தில் வைத்தேன். பிறகு அவள் பணிக்குத் திரும்பினாள். கடிதத்தால் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், விதியும் அவள் பக்கம் இருந்தது. ஆனால் அறையில் பேச்சின் தொனி மாறியதை நானே பார்த்தேன்.

சரி, எப்படி எழுதுவது?

விமான எண், தேதி, எங்கிருந்து எங்கே என்ற மூன்றும் முதல் வரியிலேயே வரட்டும். ஒரே எண்ணுள்ள விமானம் தினமும் பறக்கும், க்ரூ மட்டும் தினமும் வேறு. அதனால் தேதி தவறினால் பாராட்டு வேறு யாருக்கோ போய்விடும். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானங்களில்தான் இந்தத் தவறு அதிகம். வீட்டை விட்டுக் கிளம்பியது வெள்ளிக்கிழமை இரவு, விமானம் கிளம்பியதோ சனிக்கிழமை 00:40-க்கு. நீங்கள் எழுத வேண்டியது சனிக்கிழமைத் தேதி. திருச்சி, சென்னையிலிருந்து சிங்கப்பூர், வளைகுடா போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். வழியில் விமானம் மாறியிருந்தால் உதவி கிடைத்தது எந்த விமானத்தில் என்றும் குறிப்பிடுங்கள். டிக்கெட் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்து, ஏற்றிச் சென்றது இன்னொரு நிறுவனத்தின் விமானமாக இருந்தால், ஏற்றிச் சென்ற நிறுவனத்துக்கு எழுதுங்கள். க்ரூ அவர்களுடையவர்கள்.

அடுத்தது பெயர். சட்டையில் பெயர்ப்பட்டை இருக்கும், பெரும்பாலும் முதல் பெயர் மட்டும். கேட்டாலும் சொல்வார்கள், "உங்களைப் பாராட்டி எழுத வேண்டும், பெயர் சொல்கிறீர்களா" என்று கேட்டால் அந்த முகம் மலர்வதைப் பாருங்கள். பெயர் கிடைக்கவில்லையென்றால் உங்கள் இருக்கை எண்ணை எழுதுங்கள். 180 பேர் உட்காரும் ஏ320 விமானத்தில் சாதாரணமாக நான்கு க்ரூ. யார் எந்தப் பகுதியைக் கவனித்தார்கள் என்பதை இருக்கை எண்ணை வைத்து லீட் சொல்லிவிடுவார். 'உயரமான பெண், கொண்டை போட்டிருந்தார்' என்று வரும் கடிதங்களை வைத்து எதுவும் செய்ய முடியாது. எல்லோருக்கும் ஒரே கொண்டைதான், அது சீருடை விதி.

அப்புறம், என்ன செய்தார் என்பது. 'மிக நல்ல சேவை, கனிவான உபசரிப்பு' என்று எழுதினால் படிக்கிறவருக்கு எதுவும் பதியாது. ஒரே ஒரு காரியத்தை நடந்தபடி எழுதுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"12-ம் தேதி காலை சென்னை–கோவை விமானத்தில் 21சி இருக்கையில் இருந்தேன். என் இரண்டு வயதுக் குழந்தை காதுவலியால் அழுதது. பின்பக்கம் இருந்த க்ரூ ஒரு கப்பில் தண்ணீர் கொண்டுவந்து, விமானம் இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைக்கச் சொன்னார். அழுகை நின்றது. அவர் பெயர் தெரியவில்லை. என் நன்றியை அவரிடம் சேர்த்துவிடுங்கள்."

விமான எண்ணை மேலே ஒரு வரி சேர்த்தால் முழுமையான கடிதம். தமிழில் எழுதலாம். ஆங்கிலம் சரியாக வராது என்று எழுதாமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். மொழிபெயர்க்க எங்களிடம் ஆள் இருக்கிறது, அந்த ஆசிரியரின் கடிதத்தை நான்தான் பெயர்த்தேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நன்றி மிகுதியில் அந்த ஊழியரை மாட்டிவிடாதீர்கள். 'பெட்டி நான்கு கிலோ அதிகம், பணம் வாங்காமல் விட்டுவிட்டார், தங்கமான மனுஷன்' என்று ஒரு பாராட்டு வந்தது. அனுப்பியவர் மனசு நல்ல மனசு. ஆனால் கவுன்டரில் இருந்தவர் அதற்கு விளக்கம் எழுத வேண்டி வந்தது. காசில்லாமல் நல்ல இருக்கைக்கு மாற்றினார், கேட்டபோதெல்லாம் மது ஊற்றினார் என்பதெல்லாம் இந்த வகை. அதேபோல், அழகு, சிரிப்பு, உடை பற்றி எழுதாதீர்கள். அதைப் பணிப்பதிவில் சேர்க்க முடியாது, படிக்கும் பெண்ணுக்கும் கூச்சம். அந்தப் பெண்ணின் வேலையைப் பற்றி எழுதுங்கள். 90 வினாடிக்குள் விமானத்தைக் காலி செய்யப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் தீப்பிடித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறியதில், ஒலிபெருக்கி அமைப்பு வேலை செய்யாத நிலையில் கத்திக் கத்தி வழிகாட்டிய க்ரூவின் பங்கு பெரியது.

புகாரையும் பாராட்டையும் ஒரே மின்னஞ்சலில் போடாதீர்கள். 'விமானம் மூன்று மணி நேரம் தாமதம், மோசம். ஆனால் க்ரூ மட்டும் அருமை' என்று வந்தால் அது புகார் என்றே பதிவாகும், தாமதத்துக்குப் பதில் அனுப்பியதும் மூடப்படும். க்ரூவைப் பற்றிய ஒரு வரி அதோடு போய்விடும். இரண்டு தனித்தனி கடிதமாக அனுப்புங்கள். பல நிறுவனங்களின் இணையதளப் படிவத்தில் 'பாராட்டு' என்று தேர்ந்தெடுக்கத் தனி இடமே உண்டு.

சமூக ஊடகத்தில் போடலாமா என்றால், போடலாம், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் கணக்கைப் பார்ப்பது வேறு குழு. படம் போடுவதாக இருந்தால் அந்த ஊழியரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். முழுப்பெயரோடு படம் பரவி, முன்பின் தெரியாதவர்கள் தொந்தரவு செய்ததாக என்னிடம் அழுதவர்கள் உண்டு. உங்கள் போர்டிங் பாஸையும் படம் எடுத்துப் போடாதீர்கள். அதில் உள்ள பிஎன்ஆர் எனும் முன்பதிவு எண்ணும் உங்கள் குடும்பப் பெயரும் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் டிக்கெட்டைத் திறந்து பார்க்க முடியும்.

கடைசியாக, வீல்சேர் தள்ளுகிறவர்கள். வயதான அப்பா அம்மாவைத் தனியாக அனுப்பும் குடும்பங்களுக்கு அவர்கள் அருமை தெரியும். அவர்களில் பலர் விமான நிறுவனத்தின் நேரடி ஊழியர் கிடையாது; ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். அதனால் க்ரூவுக்கு வரும் பாராட்டில் பத்தில் ஒன்றுகூட அவர்களுக்கு வருவதில்லை என்பது என் அனுபவம். அவர்களைப் பற்றி எழுதும்போது விமான எண்ணோடு விமான நிலையத்தின் பெயர், முனையம், ஏறக்குறைய எத்தனை மணி, வாசலிலிருந்து விமானத்துக்கா அல்லது விமானத்திலிருந்து வாசலுக்கா என்பதையும் சேருங்கள். கழுத்தில் தொங்கும் அனுமதி அட்டையில் பெயர் இருக்கும். படித்துக்கொண்டால் போதும், அட்டையைப் படம் எடுக்க வேண்டாம். யார் எந்த நிறுவனம் என்று நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. எங்களுக்கு அனுப்புங்கள், வீல்சேர் பதிவேட்டைப் பார்த்து ஒப்பந்த நிறுவனத்துக்கு நாங்களே அனுப்பி வைக்கிறோம்.