சம்பளத்துக்கு வரி இல்லை, சரி, ஊர்க் கணக்குக்கு?

ஜூலை பிறந்துவிட்டால் மார்த்தாண்டத்தில் உள்ள என் வருமான வரி ஆலோசனை அலுவலக வாசலில் கிடக்கும் செருப்புகளில் பாதி, மகனையோ கணவனையோ வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு இங்கே கணக்கைச் சுமப்பவர்களுடையது. உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அங்கேயே வரி கிடையாது, பிறகு இங்கே எதற்கு ரிட்டர்ன்?"

வெளிநாடுவாழ் இந்தியர் அங்கே உழைத்து அங்கே வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் இருபத்து மூன்று ஆண்டுத் தொழிலில் சம்பளத்தால் சிக்கியவரை நான் அதிகம் பார்த்ததில்லை. சிக்கியவர்கள் எல்லாம் ஊரில் விட்டுப்போன டெபாசிட்டாலும், கடை வாடகையாலும், விற்ற மனையாலும் சிக்கியவர்கள்.

முதலில், யார் வெளிநாடுவாழ் இந்தியர்? விசாவும் இக்காமாவும் (சவுதியில் தங்குவதற்கான அனுமதி அட்டை) அதைச் சொல்லாது. நாள் கணக்குதான் சொல்லும். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை இந்தியாவில் 182 நாள் இருந்தால் நீங்கள் உள்நாட்டவர். வேலைக்காகப் புறப்பட்டுப் போன ஆண்டுக்கும், விடுமுறைக்கு வந்து போகிற ஆண்டுகளுக்கும் பொதுவாக இதுவே அளவு. இந்திய வருமானம் மட்டும் 15 லட்சத்தைத் தாண்டுகிறவருக்கு 120 நாளிலேயே கேள்வி எழும். அவர்கள் எப்படியும் ஆடிட்டரைப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள்.

நாள் எண்ணுவது கேட்க எளிது. பாஸ்போர்ட்டைப் புரட்டினால் திருவனந்தபுரம் விமான நிலைய முத்திரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, மை கலங்கி, 3 எது 8 எது என்று தெரியாது. என் மேசையில் ஒரு பூதக்கண்ணாடி இருப்பது அதற்காகத்தான். இறங்கிய நாள், ஏறிய நாள் இரண்டையும் இந்தியாவில் இருந்ததாகவே எண்ணிவிடுவேன். அதற்குமேல் வாதாட வேண்டியிருந்தால் பிறகு வாதாடிக்கொள்ளலாம்.

அருமனையிலிருந்து வந்த ஓர் அம்மா, மடியிலிருந்து நான்கு டெபாசிட் ரசீதுகளை எடுத்து வைத்துவிட்டு, "மக்களே, பிள்ளை அனுப்புகிற காசைப் போட்டுவைத்து வட்டி வாங்குகிறேன். தப்பா?" என்று கேட்டார். தப்பே இல்லை. மகன் தாய்க்குக் கொடுத்த பணத்துக்கு வரி கிடையாது. அதில் வரும் வட்டி தாயின் வருமானம். அதே பணத்தை மனைவிக்குக் கொடுத்து அவர் பெயரில் டெபாசிட் போட்டால் கதை வேறு. அந்த வட்டி கணவனின் வருமானத்தோடுதான் சேரும். ரசீதில் மனைவி பெயர் இருப்பதால் தனக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்கும் கணவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

அவர் கொண்டுவந்த நான்கில் ஒன்று மகன் பெயரில், போவதற்கு முன் திறந்த சாதாரணக் கணக்கில் இருந்தது. வெளிநாட்டில் வேலைக்குப் போனவர் அந்தக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் தன் ஊர் வருமானத்தைப் போட்டுவைக்கும் கணக்காக, மாற்றியாக வேண்டும். மாற்றினால் வட்டியில் 31.2 சதவீதத்தை பாங்கிலேயே வரியாகப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். பிடிப்பது உண்மைதான். 42,000 ரூபாய் வட்டி என்றால் 13,104 ரூபாய் போகும். வேறு இந்திய வருமானம் இல்லையென்றால், ரிட்டர்ன் போட்டு அத்தனையையும் திரும்ப வாங்கலாம். அங்கிருந்து அனுப்புகிற பணத்தை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான இன்னொரு வகையான என்ஆர்இ கணக்கில் போட்டால் அதன் வட்டிக்கு வரியே இல்லை.

ரிட்டர்ன் போடுவதிலும் ஒரு பழக்கம் இருக்கிறது. தெருமுனைக் கணினி மையத்தில் எல்லோருக்கும் போடுகிற சகஜ் (ஐடிஆர் 1) படிவத்தையே இவர்களுக்கும் போட்டுவிடுகிறார்கள். அது உள்நாட்டவருக்கு மட்டுமான படிவம். வெளிநாடுவாழ் இந்தியருக்கு ஐடிஆர் 2; தொழில் வருமானம் இருந்தால் ஐடிஆர் 3. படிவம் மாறினால் வரியும் மாறுகிறது. 2025-26 நிதியாண்டில் கடைகளின் வாடகை 10 லட்சம் என்று வையுங்கள். 30 சதவீதக் கழிவு போக 7 லட்சம். உள்நாட்டவருக்கு 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி உண்டு என்பதால் வரி பூஜ்யம். அந்தத் தள்ளுபடி வெளிநாடுவாழ் இந்தியருக்குக் கிடையாது. 15,600 ரூபாய் கட்ட வேண்டும். சகஜில் பூஜ்யம் என்று போட்டு, இரண்டு ஆண்டு கழித்து நோட்டீசோடு வருகிறவர்களிடம் நான் என்ன சொல்ல?

மனை விற்பனையில் அடி இன்னும் பலம். குழித்துறை நகராட்சி எல்லைக்குள் 30 லட்சத்துக்கு வாங்கிய மனையைச் சில ஆண்டுகள் கழித்து 40 லட்சத்துக்கு விற்றார் ரியாத்தில் இருக்கும் ஒருவர். 50 லட்சத்துக்குக் கீழ் என்றால் வாங்குபவர் விலையில் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டாம் என்று பத்திரம் எழுதியவர் சொல்ல, வாங்கியவர் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். அந்த 50 லட்ச வரம்பு விற்பவர் உள்நாட்டவராக இருந்தால்தான். இங்கே விலை முழுவதற்கும் 13 சதவீதம், அதாவது 5.2 லட்சம் பிடித்திருக்க வேண்டும்; பிடிக்காத பொறுப்பு வாங்கியவர் தலையில். உண்மையான வரியோ 10 லட்ச லாபத்துக்கு 1.3 லட்சம்தான். விற்றவர் முன்கூட்டியே வருமான வரித் துறையில் விண்ணப்பித்து, குறைவாகப் பிடித்தால் போதும் என்ற சான்றிதழ் வாங்கியிருந்தால் இருவருக்கும் தலைவலி இல்லை. பத்திரப் பதிவுக்கு நாள் குறிப்பதற்கு முன் என்னிடம் வாருங்கள் என்று சொன்னால், பத்திரத்தின் நகலோடுதான் வருகிறார்கள். (ரப்பர் தோட்டம் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிநாடுவாழ் இந்தியர் தோட்டமோ விவசாய நிலமோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது. அப்பாவிடமிருந்து வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.)

தாக்கல் செய்த 30 நாளுக்குள், ரிட்டர்ன் உங்களுடையதுதான் என்று உறுதிசெய்து சரிபார்க்க வேண்டும். அதற்கான ஆதார் ஓடிபி எங்கே போகும்? அலமாரியில், ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம்முக்கு. பாங்க் கணக்கின் வழியாகச் சரிபார்க்கலாம். அதுவும் முடியாவிட்டால் ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்திட்டு பெங்களூருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். பான் எண் செயலிழந்து கிடந்தால் ரீஃபண்ட் வராது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஊரோடு திரும்புகிறவர்கள். பதினெட்டு ஆண்டு மஸ்கட்டில் இருந்த ஒருவர் கடந்த செப்டம்பரில் போனில் அழைத்தார். அக்டோபர் 1-ஆம் தேதி இறங்கினால் மார்ச் 31 வரை 182 நாள், 2-ஆம் தேதி என்றால் 181 நாள் என்று யாரோ கணக்குச் சொல்ல, டிக்கெட்டைப் பணம் கட்டி 2-ஆம் தேதிக்கு மாற்றிவிட்டாராம். கணக்கு சரி. ஆனால் இத்தனை ஆண்டு வெளியே இருந்தவர் உள்நாட்டவராகும் முதல் ஆண்டுகளில் "சாதாரணமாக வசிக்காதவர்" என்ற வகையில் வருவார். மஸ்கட்டில் வாங்கிய சம்பளத்துக்கு அப்போதும் இங்கே வரி இல்லை. அந்த வகைக்கு 12 லட்சத் தள்ளுபடியும் உண்டு. அவருக்குக் கருங்கலில் இரண்டு கடை வாடகைக்கு இருக்கிறது. 1-ஆம் தேதியே வந்திருந்தால் வாடகைக்கும் வரி கட்டியிருக்க வேண்டாம். டிக்கெட்டை மாற்ற எவ்வளவு கட்டினார் என்று நான் கேட்கவில்லை.