பதினாறு குடம் வெந்நீர்

ஜப்பானில் வேலை பார்த்துவிட்டு ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் திரும்பிய என் மைத்துனருக்கு வீட்டில் ஓர் 'ஒஃபுரோ' வைக்க ஆசை. காலை மடக்கிக் கழுத்தளவு வெந்நீரில் உட்காரும் ஆழத் தொட்டி அது. "குடிக்கிற தண்ணிக்கே வண்டியில குடத்த வச்சுத் தள்ளுறோம், இவனுக்குத் தொட்டி கேக்குதாம்" என்றார் அத்தை.

கணக்குப் போட்டோம். 240 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 16 குடம். ஆனால் ஜப்பானியர் சோப்புப் போடுவது தொட்டிக்கு வெளியே. அழுக்குப் போனபிறகுதான் உள்ளே இறங்குவார்கள். அதனால் ஒரே தண்ணீர் வீடு முழுக்கப் போதும்.

28 டிகிரித் தண்ணீரை 40 டிகிரியாக்க சுமார் 3.5 யூனிட் மின்சாரம் வேண்டும். 2 கிலோவாட் கீசருக்கு ஒன்றே முக்கால் மணி நேர வேலை. (சித்திரை மதியத்தில் மாடித் தொட்டியே அதைச் சும்மா செய்துவிடும்.) சூடு பெரும்பாலும் போவது மேற்பரப்பில் கிளம்பும் ஆவியோடு. ஒரு லிட்டர் ஆவியானால் மிச்சத் தண்ணீர் முழுவதும் 2.4 டிகிரி குளிர்ந்துவிடும். தொட்டி அகலம் குறைந்து ஆழம் கூடியிருப்பது இதற்கும் உதவும். ஒருவர் எழுந்ததும் மூடி போட்டுவிடுவதும் அதற்குத்தான்.

சரி, எந்தத் தண்ணீர்? இங்கேதான் சிக்கல். நம் கடற்கரை மணலுக்கடியில் மழைநீர், கனமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும். மோட்டார் போட்டு உறிஞ்சி மேலே ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு அதே விகிதத்தில் ஏறி வரும். அத்தை வீட்டு போர்வெல்லில் அதுதான் நடந்தது.

அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் சுண்ணாம்பாகப் படியும். பழைய கீசரில் தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலைக் கழற்றிப் பார்த்தோம்: விரல் தடிமனுக்கு வெள்ளை ஓடு, நகத்தால் சுரண்டினால் பொருபொருவென்று உதிர்ந்தது. அந்த ஓட்டைத் தாண்டிச் சூடு வருவதற்குள் காயில் கருகிவிடும். உப்பிலுள்ள குளோரைடு வேறு சாதாரண 304 எவர்சில்வரில் புள்ளி புள்ளியாகத் துளை போடும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் கூடுதலாகத் தாங்கும். கொத்தனார் சொன்ன சிமென்ட் தொட்டியும் லேசுப்பட்டதல்ல. போர்வெல் தண்ணீரில் கலவை போட்டால் உள்ளே கம்பி துருவேறி உப்பி, டைல்ஸைப் பிளந்துவிடும். கடைசியில் ஃபைபர் தொட்டி, லாரித் தண்ணீர் என்று முடிவானது.

மாடியில் வைக்க விடவில்லை. வீட்டுத் தளங்கள் சதுர மீட்டருக்கு 200 கிலோ கணக்கில்தான் வடிவமைக்கப்படுகின்றன. தண்ணீரும் ஆளும் தொட்டியும் சேர்ந்தால் 350 கிலோ, அதுவும் முக்கால் சதுர மீட்டருக்குள்.

வெந்நீரில் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். மைத்துனர் முதல் நாளே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை இன்னும் இறங்கவில்லை. சோப்புப் படாத மிச்சத் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்ப ஒரு குழாய் மட்டும் போடச் சொல்லியிருக்கிறார்.