பத்தாவது பாஸ், அடுத்து எந்த குரூப்? அதைவிட முக்கியம் எந்தப் பள்ளி

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டே கேள்விதான்: எந்த குரூப், எந்த ஸ்கூல். முதல் கேள்விக்கு மாமா, சித்தப்பா, எதிர்வீட்டு இன்ஜினியர் என்று எல்லோரிடமும் பதில் இருக்கும். ஆனால் தப்பாகப் போனால் பிறகு திருத்தவே முடியாதது இரண்டாவதுதான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பிள்ளை ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, பத்தாவதில் நல்ல மார்க்கும் வாங்கிவிட்டால், "இன்னும் ரெண்டு வருஷம்தானே, கடன் வாங்கியாவது பிரைவேட்ல போட்டுடலாம்" என்று பல பெற்றோர் கிளம்பிவிடுகிறார்கள். அந்த இரண்டு வருடத்துக்காக எதை விடுகிறோம் என்று பாருங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமாக வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே அளவு ஒதுக்கீடு வந்துவிட்டது. நிபந்தனை ஒன்றுதான், 6 முதல் 12 வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். (தனியார் பள்ளியில் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி இலவச இடத்தில் எட்டாவது வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இது உண்டு.) பதினொன்றாவதில் தனியாருக்கு மாறினால் அதற்கு முன் படித்த ஐந்து வருடமும் கணக்கில் வராது. அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாறினாலும் அதே கதைதான், அங்கே படித்தவர்களுக்கு இந்த 7.5 கிடையாது. நீட் எழுதித் தகுதி பெற வேண்டியது எல்லோருக்கும் பொதுதான், ஆனால் பொதுப் பட்டியலில் போட்டியிடுவதற்கும் இந்த ஒதுக்கீட்டில் போட்டியிடுவதற்கும் கட் ஆஃபில் இருக்கும் இடைவெளியைப் போன வருட கலந்தாய்வுப் பட்டியலில் ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் தனியார் பள்ளிக்கு ஃபீஸ் கட்டுங்கள். இந்த ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

கல்லூரி போன பிறகு மாதம் 1,000 ரூபாய் வரும் உதவித்தொகையும் பள்ளியைப் பொறுத்ததுதான். பெண்களுக்குப் புதுமைப் பெண், 2022-இல் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024-இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களோடு, உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது இரண்டும் உண்டு.

பயிற்று மொழி விஷயமும் இதோடு சேர்ந்ததே. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது இல்லையா, அதற்கு அந்த வேலை கேட்கும் தகுதி வரை எல்லாவற்றையும் தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும். நடுவில் இங்கிலீஷ் மீடியம் மாறினால், பட்டம் கேட்கும் வேலைகளில் இந்த முன்னுரிமை போய்விடும். மாறவே கூடாது என்று சொல்ல வரவில்லை, தெரிந்துகொண்டு மாறுங்கள்.

சரி, இனி குரூப்.

இதில் கணிதம்தான் பெரிய முடிச்சு. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் கட் ஆஃப் 200-க்கு, அதில் கணிதத்துக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. ஆகவே கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் எடுத்தால் இந்த வழியில் பி.இ. இல்லை. காமர்ஸ் குரூப்பில் வரும் வணிகக் கணிதத்தை அங்கே கணிதமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொரு பக்கம், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தால்தான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கிடைக்கும் என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள், அது சரியில்லை, பயோ மேத்ஸ் (கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்) படித்தவரும் அதே கட் ஆஃபில்தான் நிற்கிறார், கம்ப்யூட்டர் பாடத்தின் மார்க்கை யாரும் சேர்ப்பதில்லை.

அப்படியென்றால் எல்லோரும் பயோ மேத்ஸ் எடுத்துவிடலாமே என்று தோன்றும். டாக்டர், இன்ஜினியர் இரண்டுக்குமே வழி இருப்பது உண்மை, ஆனால் நான்கு கனமான பாடத்தை ஒன்றாகச் சுமக்க வேண்டியதும் உண்மை. கணிதத்தில் தடுமாறும் பிள்ளையை "எதுக்கும் இருக்கட்டும்" என்று அதில் தள்ளினால் இரண்டு பக்கமும் மார்க் குறைவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பி.எஸ்சி. நர்சிங், கால்நடை மருத்துவம் இவற்றுக்கு இங்கே நீட் கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்தே சேர்க்கிறார்கள், அந்தப் பக்கம் ஆசை உள்ளவர்களுக்குக் கணிதமில்லாத குரூப்பே போதும். உயிரியல் எடுக்காமல் விட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு: பன்னிரண்டாவது முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறி நீட்டுக்குப் போகலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்துவிட்டது.

காமர்ஸை மட்டமாகப் பார்ப்பது இன்னும் போகவில்லை. சி.ஏ. படிக்கவும் ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கும் எந்த குரூப்பும் சரி. சென்னை ஐஐடியின் பி.எஸ். டேட்டா சயின்ஸில்கூட, பத்தாவதில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் காமர்ஸ் மாணவரும் அவர்களது தகுதித் தேர்வை எழுதிச் சேரலாம். அறிவியலிலிருந்து பி.காம். பக்கம் தாவுவது சுலபம், காமர்ஸ் படித்துவிட்டு இன்ஜினியரிங் பக்கம் வருவதுதான் நடக்காத காரியம், இந்த ஒரு வித்தியாசத்தைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

2017-18-இல் வந்த பிளஸ் 1 பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. கொஞ்சம் நிம்மதிதான். ஆனால் நீட்டிலும் ஜேஇஇயிலும் பாதிக் கேள்வி பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்துதான் வருகிறது, எனவே அந்த வருடத்தை விட்டுவிட்டு நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்துக்குத் தாவும் பள்ளியா என்று சேர்க்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதினொன்றாவதே வேண்டாம் என்றால் பாலிடெக்னிக் இருக்கிறது. பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ, அதை முடித்தால் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு. ஐடிஐயை மார்க் வராதவர்கள் போகிற இடம் என்று நினைக்கிறோம். ஆனால் அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள், பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்து, மொழிப்பாடத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றும் கிடைக்கிறது, பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். பத்தாவதில் ஒரு பாடம் போய்விட்டதென்றால் அதே கோடையில் நடக்கும் துணைத்தேர்வை எழுதி அந்த வருடமே சேர்ந்துவிடலாம்.

கேட்ட குரூப்பில் இடமில்லை என்று பள்ளியில் கைவிரித்தால், அரசுப் பள்ளிப் பிளஸ் 1 சேர்க்கையிலும் இடஒதுக்கீடு உண்டு என்பதைச் சொல்லி, எந்தப் பிரிவில் எத்தனை இடம் நிரம்பியது என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் விசாரியுங்கள், அல்லது பள்ளிக்கல்வித் துறையின் 14417-க்குப் போன் போடுங்கள், எந்தப் படிப்புக்கு எந்த குரூப் என்ற சந்தேகத்தையும் அங்கேயே கேட்கலாம். பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் எந்த வகுப்பு வரை படித்தார் என்ற சான்றை இப்போதே வாங்கி வையுங்கள், 7.5-க்கு விண்ணப்பிக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.