‘என்னைப் பற்றி யோசிக்கிறேன்’ என்றால் எப்படி?

‘நான் எப்படிப்பட்டவன் என்று கண்டுபிடிக்க எப்போதும் முயன்றுகொண்டே இருக்கிறேன்.’ இது உங்களுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்? 1975-இல் ஃபெனிக்ஸ்டைன், ஷையர், பஸ் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட தன்னுணர்வு அளவுகோலில் இந்த மாதிரி 23 வாக்கியங்கள் இருந்தன. சில, தனக்குள் தானே எட்டிப்பார்க்கும் பழக்கத்தை அளக்க, சில, பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்ற அக்கறையை அளக்க, மிச்சம் கூச்சத்துக்கு.

முதல் வகையில்தான் சிக்கல். அதில் அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் தங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். கூடவே மன உளைச்சலும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. தன்னை அறிந்தவர் நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்?

1999-இல் ட்ராப்னெல், கேம்பெல் என்ற உளவியலாளர்கள் இருவரும் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். ஒரே வாக்கியத்துக்கு இரண்டு விதமான ஆட்கள் ‘ஆமாம்’ போட முடியும். ஒருவர் ஆர்வத்தில் தன்னை ஆராய்கிறார். இன்னொருவர் முடிந்துபோனதையே நினைத்து நினைத்து மறுகுகிறார். பழைய கேள்விகள் எவ்வளவு யோசிக்கிறீர்கள் என்று கேட்டனவே தவிர, எதனால் என்று கேட்கவில்லை. அதனால் இவர்கள் தலா 12 வாக்கியங்களாகப் பிரித்துப் புதிய வினாத்தாள் எழுதினார்கள். ‘என்னைப் பற்றிய நினைப்பை நிறுத்துவது சில சமயம் கஷ்டம்’ என்பது ஒரு பக்கம். ‘என் உள்மனதை ஆராய்வது எனக்கு மிகவும் பிடிக்கும்’ என்பது மறுபக்கம். மறுகுவது எளிதில் கலங்கும் சுபாவத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆராய்வது புதியவற்றை நாடும் குணத்தோடு.

எதிர்மறை வாக்கியங்கள் இன்னொரு தலைவலி. ‘நான் என்னை ஒருபோதும் ஆராய்வதில்லை’ என்பதை மறுப்பவர் இரண்டு ‘இல்லை’களைத் தாண்ட வேண்டும். அவசரத்தில் படிப்பவர் தவறிவிடுவார், அந்தத் தவறும் அவருடைய குணமாகப் பதிவாகிவிடும்.

சரி, வார்த்தையை விடுங்கள், பதிலை மாற்றிவிடப் பக்கத்திலிருக்கும் எண்ணே போதும். வாழ்க்கையில் எவ்வளவு வெற்றி பெற்றிருக்கிறீர்கள் என்று உளவியலாளர் நார்பர்ட் ஷ்வார்ஸின் குழு 1991-இல் வெளியிட்ட ஆய்வில் கேட்டது. 0 முதல் 10 வரையிலான அளவில் 34 சதவீதம் பேர் 5 அல்லது அதற்குக் கீழே குறித்தார்கள். அதே கேள்வி −5 முதல் +5 வரை என்று வந்தபோது, அதே கீழ்ப்பாதிக்கு வந்தவர்கள் 13 சதவீதம்தான். மைனஸ் குறி ‘தோல்வி’ என்று சொல்வதுபோல் தோன்றிவிட்டது.

தன்னுணர்வு அளவுகோலும் 1985-இல் மாறியது. கல்லூரி மாணவர்களைத் தாண்டி எல்லோருக்கும் புரியட்டும் என்று ஷையரும் கார்வரும் வாக்கியங்களை எளிமையாக்கி 22 ஆக்கினார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்குமான மதிப்பெண்ணும் 0–4 என்பதிலிருந்து 0–3 ஆனது. பழையதில் உச்சம் 92, புதியதில் 66. எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் யாராவது ‘60 வாங்கினேன்’ என்றால், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.