பூஸ்ட் ஏற்றும் முன் பிரேக் ஆயிலைப் பாருங்கள்

"அண்ணே, பூஸ்ட் மட்டும் கொஞ்சம் ஏத்திக் குடுங்க, அவன் வண்டியை ஒரு தடவையாவது முந்திடணும்." பட்டறைக்கு வரும் தம்பிகள் வருடத்துக்கு நாலைந்து பேராவது இப்படிக் கேட்கிறார்கள். பூஸ்ட் என்றால் டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம். போன வருடம் கேட்டவர் ஓட்டி வந்தது ஒரு பழைய டொயோட்டா சுப்ரா. 80களின் கடைசியில் வந்த மூன்றாம் தலைமுறை வண்டி, 3 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ. அவருடைய மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. முந்த வேண்டியது நண்பனின் புத்தம்புது ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரை. இடம் ஈ.சி.ஆர்., ஞாயிறு விடியற்காலை.

முடியாது என்று சொல்லி அனுப்பினேன். வேறெங்கோ செய்துகொண்டார். மூன்றே வாரத்தில் அதே வண்டி ரெக்கவரி லாரியில் ஏறி என் வாசலுக்கே வந்தது.

பழைய வண்டி எப்படியும் தோற்றுவிடும் என்று சொல்லித்தான் எல்லோரும் இவர்களைத் தடுக்கப் பார்க்கிறார்கள். அது வேலைக்கு ஆகாது, ஏனென்றால் பல நேரம் அது உண்மையில்லை. சாதாரண எஞ்சினில் பவரைக் கூட்ட எஞ்சினையே பிரித்து மேய வேண்டும், டர்போவில் அப்படியில்லை. புகையின் வேகத்தில் சுற்றும் ஒரு சக்கரம், எதிர்ப்பக்கம் இன்னொரு சக்கரத்தைச் சுழற்றிக் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிறது, அளவு மீறாமல் இருக்க வேஸ்ட்கேட் என்று ஒரு வால்வு. அது திறப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் போதும், காற்று கூடும், பவர் கூடும். ஒரு நாள் வேலை. நேர்ச்சாலையில் புது வண்டிக்கே தண்ணி காட்டிவிடும். ஆனால் அந்த ஒரு நாளில் டயரும் பிரேக்கும் ரப்பர் ஹோஸும் இளமையாகிவிடாதே.

இந்த முந்தும் வெறி டர்போ கார்களோடு கூடவே பிறந்தது. 1973-ல் பி.எம்.டபிள்யூ.வின் '2002 டர்போ' என்ற மாடல் வந்தபோது முன் ஸ்பாய்லரில் 'டர்போ' என்ற எழுத்தைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் நேராகப் படித்துவிட்டு வழிவிட வேண்டுமாம்! ஜெர்மனியிலேயே அது பெரிய சர்ச்சையானது. அந்தக் காலத்து டர்போவில் மிதித்ததும் ஒன்றும் நடக்காது. ஒன்று, இரண்டு என்று எண்ணலாம், அப்புறம் முதுகில் உதைத்த மாதிரி மொத்தமும் வரும். வளைவில் அப்படி வந்தால் பின்சக்கரம் வழுக்கிவிடும். புது வண்டியில் குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே இழுவை வந்துவிடுகிறது, மீறினால் கம்ப்யூட்டர் பவரைக் குறைத்து ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடிக்கிறது. இரண்டு பேரும் ஒரே 140-ல் போனாலும் இரண்டும் ஒரே 140 இல்லை.

சரி, அன்றைக்கு என்ன நடந்தது? இது அந்த சுப்ராக்காரர் வாயால் சொன்னது. முதல் இரண்டு ஓட்டத்திலும் இவர்தான் முன்னால். இரண்டாவது முடிந்ததும் சாலையோரம் நிறுத்தி, போனில் எடுத்த வீடியோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரேக் செத்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு. வண்டி ஓடினால் காற்று பட்டு டிஸ்க் ஆறும். நின்றால் அந்தச் சூடு அப்படியே டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபருக்குள் இறங்கி பிரேக் ஆயிலைக் கொதிக்க வைக்கும். ஆயிலில் குமிழி வந்துவிட்டால் பெடல் அந்தக் குமிழியைத்தான் அமுக்கும், பிரேக் பிடிக்காது. மூன்றாவது ஓட்டத்தில், மீடியன் இடைவெளியில் மீன் பெட்டியோடு ஒரு மொபெட். இவர் மிதித்தார், பெடல் தரையில் போய் உட்கார்ந்தது. 140-ல் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி ஆனாலே 58 மீட்டர் போய்விடும். அதற்கு மேல் பிரேக்கும் இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டி சுற்றி, மணலில் ஏறி சவுக்கு மரத்தில் நின்றது. மொபெட்காரர் தப்பித்தது யார் செய்த புண்ணியமோ.

ஆயிலைக் கழற்றிப் பார்த்தேன். டிகாஷன் நிறம். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் சாமான் அது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 155 டிகிரி தாங்கினாலே தரத்துக்குள் வந்துவிடும். கடற்கரை ஊரில் எத்தனை வருடமாகக் கிடந்ததோ. டயர் கொஞ்சம்கூடத் தேயவில்லை, பளபளவென்று இருந்தது. ஆனால் பக்கவாட்டில் 3509 என்று இருந்தது, அதாவது 2009-ன் 35-வது வாரத்தில் செய்த டயர். உங்கள் டயரிலும் இப்படி நாலு எண் இருக்கும், போய்ப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டார். பாலிசியில் 'ரேஸிங், ஸ்பீட் டெஸ்டிங் தவிர' என்று எழுதியிருக்கும் பக்கத்தைக் காட்டினேன். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, சாலையில் ரேஸ் விட்டால் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது தடவை ஒரு வருடம் வரை போகலாம். சிறைக்குப் பயப்படாதவர்கூட அந்தப் பாலிசி பக்கத்தைப் பார்த்ததும் வெளுத்துப்போனார்.

அந்த வண்டி இன்னும் என் லிஃப்டில்தான் நிற்கிறது. புது டயர் வந்துவிட்டது, ஹோஸ் மாற்றியாயிற்று, காலிபர் சீல் கிட் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்ட என்னவெல்லாம் வேண்டும் என்று போன வாரம் போன் செய்து கேட்டார். பூஸ்ட் பழைய அளவுக்கு வந்துவிட்டது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரிண்ணே" என்றார்.