பச்சை டிக்கும் சிவப்பு மையும்

போன மாதம் கல்லிடைக்குறிச்சிக்குப் போயிருந்தபோது அக்கா மகள் போனை என் முன்னே நீட்டினாள். வங்கித் தேர்வுக்காக ஆன்லைன் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். ‘கூட்டு வட்டி’ என்ற பாடத்துக்கு நேரே பச்சை டிக், பக்கத்தில் 100%.

“ஏளா, முழுசாப் பாத்தியா?”

“ஓட விட்டேன் மாமா. அப்பாவுக்குத் தோசை சுட்டுக்கிட்டு இருந்தேன், அது பாட்டுக்கு ஓடி முடிஞ்சிட்டு.”

அந்த 100 பொய் சொல்லவில்லை. வீடியோ முழுக்க ஓடியதா என்றுதான் அதனிடம் கேட்டிருந்தார்கள், ஓடியது என்று சொல்லிவிட்டது. தோசையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது? வீடியோ ஓடும்போது, ‘இன்னும் ஓடுகிறேன், இப்போது 4 நிமிடம் 20 நொடியில் இருக்கிறேன்’ என்று பிளேயர் சில நொடிக்கு ஒருமுறை சர்வருக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். 20 நிமிட வீடியோவைப் பத்துப் பத்து நொடியாக நறுக்கினால் 120 கட்டம். ஓடிய கட்டத்தில் எல்லாம் புள்ளி விழும், இழுத்துத் தாண்டிய கட்டம் காலியாக நிற்கும். 90% போதும் என்று வைத்த தளத்தில் 108 கட்டம் நிறைந்தால் டிக். சோம்பேறித்தனமாகச் செய்த தளங்கள் கடைசிக் கட்டத்தைத் தொட்டாரா என்று மட்டும் பார்க்கும். அங்கே விரலால் ஒரே இழுப்பு இழுத்தால் பாடம் ‘முடிந்துவிடும்’. கொஞ்சம் விவரமானவை, வேறு பக்கத்துக்குத் தாவினால் பிரவுசர் கொடுக்கும் தகவலை வைத்துக் கணக்கை நிறுத்திவிடும். ஆனால் போனை அடுப்படி அலமாரியில் சாத்தி வைத்துவிட்டுத் தோசைக்கல்லைப் பார்ப்பவளை எந்த பிரவுசரும் கண்டுபிடிக்காது.

இப்படிச் சேரும் தகவலை எழுதி வைக்கவும் ஒரு முறை உண்டு. எக்ஸ்ஏபிஐ (xAPI) என்ற பொதுத் தரநிலையின் முதல் முழுப் பதிப்பு 2013-இல் வந்தது. யார், என்ன செய்தார், எதை என்று மூன்று துண்டுள்ள வாக்கியமாக ஒவ்வொரு செயலும் பதிவாகும். ‘இன்னார், விடையளித்தார், ஏழாம் கேள்விக்கு.’ பள்ளிக்கூடத்தில் படித்த எழுவாய், பயனிலை, செயப்படுபொருளேதான். பதிவில் இரண்டு நேரம் இருக்கும். செயல் நடந்தது ஒன்று, சர்வரில் வந்து சேர்ந்தது இன்னொன்று. அக்கா மகள் செங்கோட்டை வண்டியில் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போகும்போது நெட் விட்டுவிட்டுத்தான் வரும். வழியில் போட்ட விடைகளை ஆப் போனிலேயே வைத்திருந்து சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். ஒரே நேரம் மட்டும் எழுதினால், இருபது கேள்விக்கும் ஒரே நொடியில் விடை போட்ட மேதையாகத் தெரிவாள். எழுதிய பதிவைத் திருத்தவும் முடியாது. பேரேட்டில் தப்பாக எழுதியதை அழிக்காமல் எதிர்ப்பதிவு போடுவது போல, ‘முன்னது செல்லாது’ என்று இன்னொரு வாக்கியம்தான் எழுத வேண்டும்.

பல கோர்ஸ்களை ஒன்றாகப் பார்க்க நினைத்தால் தலைவலி வேறு இடத்தில் தொடங்கும். ஒரு தளத்தில் செல்போன் எண், இன்னொன்றில் மின்னஞ்சல். ஒன்றில் இனிஷியல் பெயருக்கு முன்னால், மற்றதில் பின்னால். நமக்கு ஒருத்தி, கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். மாணவர்களுக்கு அபார் என்று 12 இலக்க அடையாள எண் கொடுக்கிறார்களே, அதன் பயன்களில் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதும் ஒன்று.

ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் என்ற ஆன்லைன் படிப்புத் தளம் வைத்திருக்கும் மதிப்பெண் முறை எனக்குப் பிடிக்கும். 12 வாரப் படிப்பில் வாராவாரம் வரும் பயிற்சிகளில் சிறந்த 8-ஐ எடுத்துச் சராசரி போட்டு 25 மதிப்பெண்ணுக்குள் அடக்குவார்கள். மீதி 75-க்கு நேரில் போய் எழுதும் தேர்வு. பயிற்சியில் 10, தேர்வில் 30 இரண்டும் எடுத்தால்தான் சான்றிதழ். வீடியோ பார்த்ததற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

பார்த்ததை விட்டுவிட்டுப் புரிந்ததை அளக்க வேறொரு கணக்கு வேண்டும். ஆல்பர்ட் கார்பெட், ஜான் ஆண்டர்சன் என்ற இருவர் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவாக்கிய முறை இன்றும் புழங்குகிறது. அக்கா மகளின் கூட்டு வட்டியையே எடுத்துக்கொள்வோம். அவளுக்கு அது தெரிந்திருக்க 40% வாய்ப்பு என்று ஒரு தொடக்க ஊகம். நாலு விடையில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தட்டினால் சரியாக விழ 25%. தெரிந்தும் கவனப்பிசகாகத் தப்பு விட 10%. ஒவ்வொரு கேள்வியைப் போடும்போதும் புதிதாகப் பிடிபட 15%. இந்த நாலு எண்தான் மூலதனம்.

முதல் கேள்வி சரி. தெரிந்து சரியாகப் போட்டிருக்க 0.40 × 0.90 = 0.36. தெரியாமல் அதிர்ஷ்டத்தில் விழுந்திருக்க 0.60 × 0.25 = 0.15. ஆக, அவளுக்குத் தெரிந்திருக்க 0.51-இல் 0.36 பங்கு, கிட்டத்தட்ட 71%. போட்டபோது கற்றதையும் சேர்த்தால் 75%. அடுத்ததும் சரியென்றால் 93, மூன்றாவதும் சரியென்றால் 98. 95-ஐத் தாண்டினால் ‘தேறிவிட்டாள்’ என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் இரண்டாவது கேள்வி தப்பு என்று வையுங்கள், 75 சரசரவென்று 39-க்கு இறங்கிவிடும், தொடங்கிய இடத்துக்கும் கீழே. கல்நெஞ்சக்காரக் கணக்கு என்று தோன்றும். ஒரு தடவை சரியாகச் சொன்னதும் ‘புரிஞ்சுட்டு’ என்று அடுத்த பாடத்துக்குத் தாவும் வாத்தியாரைவிட இது மேல் என்பது என் கட்சி.

எங்கள் பக்கம் மழைக்காலத்தில் பேப்பரைப் பிரித்ததும் அணை நீர்மட்டத்தைத்தான் தேடுவார்கள். பாபநாசம் அணைக்கு 143 அடி, இன்றைக்கு எத்தனை? கடைமடைக்காரர் கேள்வி வேறு, ‘என் வயலுக்கு எப்ப வரும்?’ மேலே ஷட்டர் திறந்த செய்தியை வைத்து அவர் நாற்று நட முடியாது. ஆசிரியர் எழுதும் கருத்தும் அப்படித்தான். எழுதி, ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியதும் அவர் பக்கம் ஒரு டிக் விழுந்துவிடும். எத்தனை தாளுக்கு எத்தனை நாளில் கருத்து எழுதினார் என்று நிர்வாகமும் பார்க்கும். மாணவி அதைத் திறந்தாளா, திறந்தும் என்ன செய்தாள் என்பது பல தளங்களில் பதிவாவதே இல்லை.

பழைய கணக்கு நோட்டில் இது இருந்தது. தப்பைச் சிவப்பு மையில் சுழித்திருப்பார்கள். கீழே ‘திருத்தம்’ என்று தலைப்புப் போட்டு அதே கணக்கைத் திரும்பச் செய்து காட்டினால்தான் கையெழுத்து விழும். எங்கள் கணக்கு சார் திருத்தம் இல்லாத நோட்டை ஜன்னல் வழியாக வீசுவார். வீச்சை ஆதரிக்கவில்லை. ஆனால் கருத்து போய், திருத்தம் வந்து, வட்டம் மூடியது அந்த நோட்டில்தான்.

அதற்கு ஆய்வும் துணை நிற்கிறது. 1988-இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் மாணவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்கு மதிப்பெண், இன்னொன்றுக்குக் கருத்து, மூன்றாவதற்கு இரண்டும். கருத்து மட்டும் வாங்கியவர்களே அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டையும் வாங்கியவர்களுக்குக் கருத்தால் பலன் இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்த கண் அதற்குக் கீழே இறங்காது போலிருக்கிறது. 1996-இல் குளூகர், டினிசி என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்தே போயிருந்தது.

ஆகவே உருப்படியான தளம் கருத்தின் எண்ணிக்கையோடு நிற்காமல் தப்பின் வகையையும் குறித்து வைக்கும். ஆசிரியர் வட்டிக் கணக்கைத் திருத்தும்போது பட்டியலிலிருந்து ‘காலம் மாற்றவில்லை’ என்று ஒரு தட்டு. அடுத்த வாரத் தாளிலும் அதே வகை விழுந்தால் கருத்து போய்ச் சேரவில்லை என்று பொருள். எழுதிய ஆசிரியருக்கு அது தெரிந்தால்தான் வேறு மாதிரி சொல்லிப் பார்ப்பார். இதற்குப் பெரிய கணிதம்கூட வேண்டாம்.

போனை வாங்கிக் குடைந்து பார்த்தேன். பயிற்சித் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். 10க்கு 4. கீழே, மடித்து வைத்த சிறு அம்புக்குறியைத் தொட்டால்தான் தெரிகிறது ஆசிரியரின் கருத்து: ‘அரையாண்டு வட்டி என்றால் வீதத்தைப் பாதியாக்கினீர்கள், சரி. காலத்தை இரட்டிப்பாக்கவில்லையே?’ மூன்று வாரத் தாளிலும் ஏறக்குறைய அதே வரி.

“இங்க எழுதியிருக்காங்களே, பாக்கலியா?”

“இங்க ஒரு அம்பு இருக்கா?”

காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, 10,000 ரூபாய், 10%, ஒரு வருஷம் என்று எழுதினாள். முன்னே 10,500 போட்டு நிறுத்தியவள், இந்தத் தடவை 5%-ஐ இரண்டு முறை ஏற்றி 11,025 என்று போட்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மற்ற இரண்டு தாளையும் திறந்து அம்பைத் தேட ஆரம்பித்தாள்.